பரங்கியில் ஏறிய பெயர்

போர்வையை விலக்கிய எமரி கிரேபில் அதே வேகத்தில் திரும்ப மூடினார். சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இல்லை. ஓரத்தை மட்டும் மெல்லத் தூக்கி, குனிந்து, மறுபடியும் பார்த்தார்.

பெயர் அங்கேயேதான் இருந்தது. டோரிஸ்.

கோணல்மாணலான எழுத்துகள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். காயம் ஆறித் தழும்பேறியது போல, பரங்கிக்காயின் ஆரஞ்சுத் தோலின்மேல் புடைத்து நின்றன.

"யார் வேலை இது?" என்று எமரி பரங்கியையே கேட்டார். டிராக்டரின் பின்சக்கரத்தோடு உயரப் போட்டி போடும் காய் அது. பதில் சொல்லும் உத்தேசம் அதற்கு இல்லை.

எங்கள் பள்ளத்தாக்கில் கிரேபில் பண்ணையின் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். ஜூலை மாதக் கோடை முகாமின்போது பிள்ளைகள் ஆளுக்கொரு ஆணியை வாங்கிக்கொண்டு வயலுக்குள் இறங்குவார்கள். பிடித்த பிஞ்சில் தங்கள் பெயரைக் கீறுவார்கள். காய் பருக்கப் பருக்கக் கீறலும் பருக்கும். அக்டோபரில், இலையுதிர்கால விழா தொடங்கும் சனிக்கிழமை, அப்பா அம்மாவோடு வந்து தங்கள் பெயரைத் தேடிப் பிடித்துக் காயை வீட்டுக்கு எடுத்துப் போவார்கள்.

தொழுவத்தின் நெற்றியில் ஒரு பலகை இருக்கிறது. எமரியின் தந்தை தம் கையால் வெள்ளைச் சாயத்தில் எழுதியது: 'ஜூலையில் எந்தப் பெயர் ஏறுகிறதோ, அக்டோபரில் காய் அந்தப் பெயருக்கே. இது கிரேபில் வாக்கு.'

அது வெறும் விளம்பரம் அல்ல. ஒரு வருடம், கண்காட்சிக்கென்று பெரியவர் பொத்திப் பொத்தி வளர்த்த காயில், ஊர் ஊராகப் பாத்திரம் விற்கிறவனின் பிள்ளை பெயரைக் கீறிவிட்டது. பெரியவர் முகம் சுளிக்கவில்லை. தாமே தூக்கி அவர்கள் வண்டியில் வைத்தார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை என்பது வேறு விஷயம். கிரேபில் வீட்டில் கொடுத்த சொல்லுக்கு வாசல் உண்டு. கொல்லைப்புற வழி கிடையாது.

அந்த மரபில் வந்த எமரியும், சென்ற ஜூலையில், வைக்கோல் கட்டின்மேல் ஏறி நின்று பிள்ளைகளுக்கு அந்த வாக்கைக் கம்பீரமாக வாசித்துக் காட்டினார். முன்பல் விழுந்த ஹேட்டி என்ற சிறுமி மட்டும் கையைத் தூக்கினாள்.

"கேம்ப்புக்கு வந்தவங்க எல்லாருக்கும் காய் உண்டா, தாத்தா?"

"எல்லாருக்கும் உண்டு."

"ரொம்பச் சாப்பிடறவங்களுக்கும்?"

"கிரேபில் வாசல்ல ஆள் பார்த்துக் கொடுக்கற பழக்கம் கிடையாது."

"பேர் எழுதத் தெரியாதவங்க?"

"எழுதத் தெரிஞ்ச பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். அவ்வளவுதானே?"

பிள்ளைகள் கைதட்டினார்கள். எமரியும் மீசையைத் தடவிக்கொண்டார்.

ஆனால் அதெல்லாம் வயல் காய்களுக்கு. இந்தக் காய் தனி. தொழுவத்துக்குப் பின்னால் தனிப் பாத்தியில், வேலி போட்டு, வெயில் படாமல் மனைவி லவீனாவின் பழைய ஒட்டுப்போர்வையைப் போர்த்தி, குழந்தை மாதிரி வளர்த்தது. அக்கம்பக்கத்துப் பண்ணைகளின் பரங்கி எடைப் போட்டி இந்த வருடம் முதல் தடவையாகக் கிரேபில் பண்ணையிலேயே நடக்கப்போகிறது. அதுவும் விழா தொடங்கும் அதே சனிக்கிழமை. எதிர்ப் பண்ணை டுவைட் ஹஃப்நாகல் தொடர்ந்து கோப்பையைத் தூக்கிப் போய், அதைத் தன் வீட்டுச் சாப்பாட்டு அறை ஜன்னலில், சாலையைப் பார்க்க வைத்திருக்கிறான். எமரி தபால் எடுக்கப் போகும்போதெல்லாம் அது கண்ணில் குத்தும்.

கீறியவர் பின்பக்கமாக, இலை மறைவில் கீறியிருக்கிறார். இலைகள் இப்போது காய்ந்து விழுந்ததால் தெரிந்துவிட்டது. காய் அந்தப் பெயருக்கே என்றால், சனிக்கிழமை ஏதோ ஒரு டோரிஸ் வந்து அதைக் கேட்பாள். கொடுத்தால் போட்டி போயிற்று. கொடுக்காவிட்டால் அப்பாவின் பலகை போயிற்று.

எமரி ஆப்பிள் சாறு பிழியும் கொட்டகைக்குப் போனார். முகாமை நடத்தும் மகள் ஜோலீன் அங்கே இயந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஜோலீன், இந்த வருஷக் கேம்ப்புல டோரிஸ்னு ஒரு பொண்ணு வந்தாளா?"

"டோரிஸா? இந்தக் காலத்துல பிள்ளைக்கு யாருப்பா டோரிஸ்னு பேர் வைக்கறாங்க? எங்க திரும்பினாலும் மேடிசன், ஹார்ப்பர்தான். டோரிஸ் ஒருத்திகூட இல்ல. ஏன்?"

"சும்மா."

"நீங்க எதையும் சும்மா கேட்க மாட்டீங்களே."

"இப்ப கேட்கறேன்."

"ஊர்ல டோரிஸ்னா ஒருத்தங்கதான். டுவைட் மாமாவோட தங்கச்சி."

எமரிக்குக் காதோரம் ஜில்லென்றது. டோரிஸ் ஹஃப்நாகல். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். பேருந்து விட்டுப்போய் வருடங்கள் ஆகியும் அதன் ஹாரன் அவள் தொண்டையிலேயே தங்கிவிட்டது.

"நான் கேட்டதை உங்கம்மாகிட்டச் சொல்லிடாத" என்றார் எமரி.

இந்தக் கதையில் அவர் செய்த முதல் தவறு அதுதான். அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஜோலீனுக்குச் சொல்ல எதுவுமே இருந்திருக்காது.

திரும்பும் வழியில் பட்டியிலிருந்து பன்றி உறுமியது. பிழிந்த ஆப்பிள் சக்கையை ஒரு வாளி அள்ளி அதன் தொட்டியில் கொட்டினார். நவம்பரில் தொத்திறைச்சி ஆகவேண்டியது, நன்றாகத் தின்னட்டும். கிரேபில் குடும்பத்தில் ஞாயிற்றுக்கிழமை டிராக்டர் எடுப்பதில்லை, தொப்பியோடு மேஜையில் உட்காருவதில்லை, சாப்பிடப்போகிற எதற்கும் பெயர் வைப்பதில்லை. முகாமிலும் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுவார்: பெயர் வைக்கிற பிள்ளைக்கு அன்று ஐஸ்கிரீம் கிடையாது. அதனால் பன்றி வெறும் பன்றியாகவே வளர்ந்தது.

அன்று மாலையே எமரி ஒரு வாளிச் சேற்றைக் குழைத்துப் பெயரின்மேல் பூசினார். பார்க்க இயற்கையாக இருந்தது. மறுநாள் காலை பெய்த தூறலில் மேட்டிலிருந்த சேறு கழுவிப் போய், எழுத்தைச் சுற்றியிருந்த பள்ளத்தில் மட்டும் கருகருவென்று தங்கிவிட்டது. முன்பு குனிந்து பார்த்தால்தான் டோரிஸ். இப்போது தபால்பெட்டியிலிருந்தே டோரிஸ்.

சாயம் பூசலாமென்றால் போட்டி விதி இடம் தராது. யோசித்துக்கொண்டே முகம் கழுவப் போனவரின் கண்ணில், கண்ணாடிக்குக் கீழே ஒரு டப்பா பட்டது. 'சுருக்கங்கள், தழும்புகள், கரும்புள்ளிகள் அனைத்தையும் மறைக்கும்' என்று அதில் போட்டிருந்தது.

தழும்புதானே!

கொஞ்ச நேரம் கழித்து லவீனா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"எமரி, என் க்ரீம் டப்பா எங்க?"

"எந்த க்ரீம்?"

"என் பிறந்தநாளுக்கு ஜோலீன் வாங்கித் தந்தது. ரோஸ் கலர். உன் முழங்கை வரைக்கும் அப்பியிருக்கே, அந்த க்ரீம்."

எமரி கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். லவீனா நேராகத் தொழுவத்துக்குப் பின்னால் நடந்தாள். அவர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். போர்வையை அவள் ஒரே இழுப்பில் இழுத்தாள்.

க்ரீம் காய்ந்து, ஆரஞ்சுத் தோலின்மேல் டோரிஸ் என்ற பெயர் ரோஜா நிறத்தில் பளபளத்தது. சற்று வாசனையாகவும் இருந்தது.

"நாப்பது வருஷமா இந்த மூஞ்சி உன் எதிர்ல உட்கார்ந்து காபி குடிக்குது" என்றாள் லவீனா. "ஒரு சுருக்கத்தையாவது கவனிச்சிருப்பியா? டோரிஸுக்கு மட்டும் டப்பா முழுசையும் வழிச்சுப் பூசியிருக்க!"

"லவீனா, கேம்ப்புப் பிள்ளை யாரோ கீறியிருக்கு!"

"கேம்ப்புல டோரிஸே கிடையாதாமே. ஜோலீன் சொன்னா. என்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு நீ சொன்னதையும் சேர்த்துச் சொன்னா."

"அது வந்து..."

"உன்கூட டான்ஸ் ஆடினவ பேரு என்ன?"

"ஒரே ஒரு டான்ஸ்! அதுவும் நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி! எட்டுப் பேர் கையைக் கோத்து ஆடற டான்ஸ்!"

"எட்டுப் பேர்ல உனக்கு ஒருத்திதானே ஞாபகம் இருக்கா?"

"நீ ஒருத்தியப் பத்தித்தானே கேட்ட!"

"அந்தப் பிள்ளைய என் கண்ணு முன்னாடி கொண்டாந்து நிறுத்து. அதுவரைக்கும் உன் சோத்தை நீயே ஆக்கிக்க."

எமரிக்கு ரொட்டியை வாட்டக்கூடத் தெரியாது. இரண்டு வேளை கருகிய ரொட்டி தின்ற பிறகு, மானத்தைவிடப் பசி முந்திக்கொண்டது. ஊர்ச் செய்திகள் எல்லாம் புழங்கும் தீவனக் கடைக்கு வண்டியை விட்டார். ரகசியமாகக் கேட்டால் மறைக்க ஏதோ இருக்கிறது என்பார்கள். அதனால் நிமிர்ந்து நின்று, கடை முழுவதும் கேட்கும்படி கேட்டார்.

"டோரிஸ்னு ஒருத்தியத் தேடறேன். யாருக்காவது தெரியுமா?"

மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் மூட்டையோடு நின்றார்கள். கடைக்காரர் மெர்ல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எதுக்குத் தேடற, எமரி?"

"அவளுக்கு ஒரு பரங்கிக்காய் கொடுக்கணும்."

"பெரிசா?"

"என்கிட்ட இருக்கறதுலயே பெரிசு."

மெர்ல் நெஞ்சில் கை வைத்தார். "அப்ப விஷயமும் பெரிசுதான். லவீனாவுக்குத் தெரியுமா?"

"அவதான் தேடிட்டு வரச் சொன்னா!"

"பெரிய மனசு" என்றார் மூலையில் ஒருவர்.

எமரி வீடு வந்து சேர்வதற்குள் செய்தி சாலையைத் தாண்டிவிட்டது. வாசலில் ஹஃப்நாகல்களின் வண்டி நின்றது. டுவைட் காதுவரை சிரித்தபடி இறங்கினான். பின்னாலேயே டோரிஸ், பூப்போட்ட கவுனும் உதட்டுச் சாயமுமாக, கையில் சுடச்சுட ஆப்பிள் பலகாரத் தட்டோடு இறங்கினாள். அவள் உதட்டுச் சாயம் போட்டு எங்கள் ஊர் பார்த்ததில்லை.

"எமரி கிரேபில்!" என்று டோரிஸ் ஹாரன் அடித்தாள். தூரத்தில் கோழிகள் சிதறின. "என் பேரை எழுதி வச்சிருக்கீங்களாமே! எங்க, காட்டுங்க!"

"டோரிஸ், அது நான் எழுதினது இல்ல."

"தானா வந்துச்சா?"

"யாரோ ஒரு பிள்ளை..."

"கூச்சப்படாதீங்க. எனக்குப் பரங்கிக்காய் வாசனையே ஆகாது. ஆனா இந்த வயசுல ஒரு மனுஷன் என் பேரை இத்தனாம் பெரிசா எழுதி, ஊர்க் கடையில நின்னு என்னைத் தேடியிருக்காருன்னா, மறுத்தா மரியாதை இல்ல பாருங்க."

சொன்னதோடு நில்லாமல் எமரியின் கன்னத்தில் அழுத்தமாக ஒரு முத்தமும் வைத்தாள். மாடி ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது.

டுவைட் தொழுவத்தின் பலகையை அண்ணாந்து பார்த்தான். "எந்தப் பெயர் ஏறுகிறதோ, காய் அந்தப் பெயருக்கே. அடடா, உங்கப்பா எவ்வளவு அழகா எழுதியிருக்கார்! அப்ப சனிக்கிழமை அந்தக் காயை எடைக்கு வைக்கறப்ப, ஹஃப்நாகல்னு சொல்லித்தானே வைக்கணும்?"

"அது கேம்ப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கு, டுவைட்."

"பிள்ளைன்னு எங்க போட்டிருக்கு? காட்டு. எனக்குக் கண்ணு மங்கலாப் போச்சோ என்னவோ."

எமரி பலகையைப் பார்த்தார். பிள்ளை என்ற சொல் அதில் இல்லை. பாத்திரக்காரன் வண்டியில் காயை ஏற்றிவிட்டுத் திரும்பிய அப்பாவின் முதுகு அவர் கண்முன் வந்தது. நேரான முதுகு. எமரியும் தம் முதுகை நேராக்கிக்கொண்டார்.

"சனிக்கிழமை ஊர் முன்னால வச்சுக் கொடுக்கறேன். ஹஃப்நாகல் பேர்லயே எடை போட்டுக்க."

டுவைட் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். பிறகு, "பலகாரத்தை வச்சுட்டு வா, டோரிஸ்" என்றான். "பாவம், இவர் வீட்ல சமையல் இல்லையாம்."

அன்று மாலை லவீனா மாடிப்படியில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னாள். "காயைக் கொடுக்கறது உங்கப்பா வாக்கு. நான் குறுக்க வரல. ஆனா அந்தப் பேரு சனிக்கிழமை ஜனங்க கண்ணுல படக்கூடாது. 'எமரி, டோரிஸ்'னு போட்டோ எடுத்துட்டுப் போய் ஊரெல்லாம் காட்டுவாங்க. மொதல்ல அந்தக் கன்னத்தைக் கழுவு."

அதனால் சனிக்கிழமை விடிந்ததும் எமரி அகலப் பட்டைகளைக் காயின் அடியில் கொடுத்து, டிராக்டரால் தூக்கி, எடை போடும் இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். பெயர் இருந்த பக்கத்தை எதையாவது ஒட்டி வைக்கவேண்டும். அங்கே தோதாக, இடைவெளி விட்டுக் கட்டைகள் அடித்த ஒரே ஒரு மரவேலிதான் இருந்தது. காயை அதன்மேல் நெருக்கிச் சாய்த்தார். முன்னாலிருந்து பார்த்தால் மாசுமருவற்ற ஆரஞ்சு மலை. பெயர் வேலிக்குப் பின்னால் போயிற்று.

வேலிக்குப் பின்னால் பன்றிப் பட்டி இருந்தது. பன்றியைப் பற்றி எமரி நினைக்கவே இல்லை. பெயர் இல்லாத ஒன்றை நினைத்துக்கொள்வது கடினம்.

ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். வைக்கோல் வண்டி வயலைச் சுற்றியது. சோளக்காட்டு வழியில் நுழைந்த அப்பாக்கள் தொலைந்துபோய்ப் பிள்ளைகளைக் கூவி அழைத்தார்கள். ஆப்பிள் சாறு வழிந்தது, எண்ணெயில் டோனட் பொரிந்தது, குளவிகள் இரண்டுக்கும் அலைந்தன. வயலெங்கும் "என் பேரு! என் பேரு!" என்று கூச்சல். அக்கார்டியன்காரர் மூச்சுவிடாமல் போல்கா நடன மெட்டு வாசித்தார். அந்தச் சத்தத்தில் வேலிப்பக்கமிருந்து வந்த வேறொரு சத்தம் யார் காதிலும் விழவில்லை.

டோரிஸ் ஹஃப்நாகல் முதல் வரிசையில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கையசைத்தாள். லவீனா டோனட் கடையில் நின்று, மாவை அறைந்து அறைந்து பிசைந்தாள்.

டுவைட்டின் சொந்தக் காய் எடை ஏறி இறங்கியது. கைதட்டல். நடுவர் ஒலிபெருக்கியை ஊதிப் பார்த்தார்.

"அடுத்ததா, கிரேபில் பண்ணைப் பரங்கி!"

எமரி முன்னால் வந்து தொப்பியைக் கழற்றினார். "ஒரு திருத்தம். எங்க பண்ணையில விளைஞ்சது. ஆனா இப்ப இது டோரிஸோட காய். அவங்க பேர் இதுல இருக்கு. எங்கப்பா வாக்குப்படி அவங்களுக்கே கொடுக்கறேன்."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. சில பெண்கள் லவீனாவைத் திரும்பிப் பார்த்தார்கள். மாவு இன்னும் பலமாக அறை வாங்கியது.

"தூக்குங்க!" என்றார் நடுவர்.

டிராக்டர் உறுமியது. பட்டைகள் இறுகின. காய் அசைந்து, எழும்பி, எல்லோரும் எதிர்பார்த்ததைவிட மிகச் சுலபமாக மேலே போயிற்று. பட்டைகளில் தொங்கியபடி மெல்லச் சுழன்று தன் முதுகைக் காட்டியது.

முதுகு இல்லை.

குளிக்கும் தொட்டி நுழையும் அளவு ஓட்டை. அதிலிருந்து விதைகள் மழையாகக் கொட்டின. பெயர் இருந்த இடத்தில் கடைசி எழுத்து மட்டும், க்ரீம் மினுமினுக்க, ஓட்டையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம், காதுமுதல் கழுத்துவரை ஆரஞ்சு நிறமாக, பரம திருப்தியோடு பன்றி நின்றது. மூக்கின்மேல் ஒரு விதை.

அக்கார்டியன் ஒரு முனகலோடு நின்றது.

"ஓட்டை விழுந்த காய் போட்டியில சேராது" என்றார் நடுவர். அவருக்கும் வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"போட்டி கிடக்கட்டும்!" டுவைட் பெஞ்சின்மேல் ஏறினான். "என் தங்கச்சி காயை இவன் பன்னி தின்னுடுச்சு! ஒருத்தர் பேர் போட்ட காயைப் பத்திரமாக் கொடுக்க முடியல, அப்புறம் எதுக்குய்யா அவ்வளவு பெரிய பலகை?"

யாரும் சிரிக்கவில்லை. பலகையைப் படித்துப் படித்தே எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவர்கள் அந்தக் கூட்டத்தில் பலர் உண்டு.

எமரி பலகையை அண்ணாந்து பார்த்தார். பிறகு ஏணியைக் கொண்டுவந்து தொழுவத்தின்மேல் சாய்த்தார். சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அப்பா, இறங்குங்க!" என்றாள் ஜோலீன்.

"எங்கப்பா ஒரு தடவைகூட வாக்குத் தவறினது இல்ல" என்றார் எமரி, ஏறிக்கொண்டே. "என் பன்னி, என் வேலி, காயை அங்க வச்சதும் நான்தான். டோரிஸுக்குக் கொடுக்கறேன்னு ஊர் முன்னால சொன்னேன். கொடுக்க முடியல. இனிமே இந்தப் பலகை இங்க தொங்கறது நியாயம் இல்ல."

மாவு அறையும் சத்தம் நின்றுவிட்டது. லவீனா மாவுக் கையோடு ஓடிவந்து ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டாள். "பிடிச்சிக்கறேன், பார்த்து ஏறு" என்றாள், மூக்கை உறிஞ்சியபடி. "எனக்குக் கோபம்தான். அதுக்காக உன்னை விழ விட மாட்டேன்."

"எனக்கு வேண்டாம் எமரி, விடுங்க!" என்று டோரிஸ் ஹஃப்நாகல்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பரங்கிக்காய் எனக்கு ஆகவே ஆகாதுன்னு சொன்னேனே!"

எமரி முதல் ஆணியில் சுத்தியலைக் கொடுத்து நெம்பினார். அது கிறீச்சிட்டது.

அப்போது கூட்டத்தின் கால்களுக்கு நடுவே புகுந்து ஹேட்டி வந்தாள். கையில் அவள் பெயர் போட்ட குட்டிப் பரங்கி. வாயில் புதிதாக முளைத்த பாதிப் பல். பன்றியின் கோலத்தைப் பார்த்ததும் பரங்கியைக் கீழே போட்டுவிட்டு வேலியில் தொற்றி ஏறினாள்.

"டோரிஸ்!" என்று கத்தினாள்.

"என்ன கண்ணு?" என்றாள் டோரிஸ் ஹஃப்நாகல்.

"உங்களை இல்ல, ஆன்ட்டி."

பட்டியின் மூலையிலிருந்து பன்றி காதுகளை விசிறிக்கொண்டு ஓட்டமாக ஓடி வந்து, அவள் கையில் மூக்கை வைத்துத் தேய்த்தது. முகாமுக்கு வந்த பிள்ளைகள் நாலா பக்கமிருந்தும், "டோரிஸ்! டோரிஸ்!" என்று கூவிக்கொண்டு வேலியை மொய்த்தார்கள்.

ஏணியின் உச்சியில் எமரியின் சுத்தியல் அந்தரத்தில் நின்றது.

ஹேட்டி தன் சட்டைக் கையால் பன்றியின் வாயைத் துடைத்துவிட்டு, நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"ஐஸ்கிரீமை நிறுத்திடாதீங்க தாத்தா, எழுதத் தெரியாதவங்களுக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னது நீங்கதானே... டோரிஸும் தினமும் கேம்ப்புக்கு வந்தாளே, அவளுக்குப் பசியும் ஜாஸ்தி, அதான் இருக்கறதுலயே பெரிசாப் பார்த்து அவ பேரை எழுதினேன்!"